அயர்லாந்துல கிராமத்துல வீடு கட்ட மனை பாக்குறீங்களா? பெர்க் டெஸ்ட் எடுத்த ரெண்டு பேரைப் பத்தி என் அனுபவம்

சர்வீஸ்: சைட் அசெஸர், அதாவது மனையோட மண்ணு கழிவுத் தண்ணிய உறிஞ்சுமா உறிஞ்சாதான்னு பெர்க் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்குறவங்க. ரெண்டு பேர்கிட்ட வேலை வாங்கிருக்கேன். முதல் ஆளுக்கு 5க்கு 1. ரெண்டாவது ஆளுக்கு 5க்கு 4.5. பேரு ரெண்டு பேரோடதும் போடல, ஏன்னா உங்க கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேற ஆளுங்க இருப்பாங்க, எப்படி வேலை பாக்குறாங்கன்னு கவனிச்சாத்தான் உங்களுக்கு உபயோகம்.

நான் ஸ்லைகோ பக்கம் நர்ஸா இருக்கேன், வந்து பதினொரு வருஷம் ஆச்சு. வாடகை வீட்லயே காலம் போகுது, பசங்க மூணு பேரு, சொந்தமா ஒரு வீடு, சுத்தி கொஞ்சம் இடம், ஒரு காய்கறித் தோட்டம்னு ஆசை. டவுன்ல விக்கிற விலைக்கு எங்களால முடியல. லீட்ரிம், கேவன்னு ரெண்டு கவுண்டியோட எல்லைப் பக்கம் அரை ஏக்கர் மனை ஒண்ணு நல்ல விலைக்கு வந்துச்சு. பச்சைப் பசேல்னு சரிவான வயக்காடு, கீழ ஒரு சின்ன ஓடை, தூரத்துல மலை. பாத்த அன்னிக்கே எங்க வீட்டுக்காரர் ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டாரு. நம்ம ஊர்ல மனைன்னா ரோடு இருக்கா, கரண்ட் இருக்கா, பத்திரம் கிளியரா இருக்கான்னு பாப்போம், அதையேதான் இங்கயும் பாத்தோம். மண்ண பாக்கல. தஞ்சாவூர் பக்கத்துல பொறந்து வளந்த எனக்கு மண்ண பாக்கணும்னு தோணாம போனதுதான் இன்னிக்கும் மனசுல இருக்கு.

விஷயம் என்னன்னா, இங்க கிராமத்துல ரோட்டோரம் சாக்கடை லைன் கிடையாது. வீட்டுக் கழிவுத் தண்ணி எல்லாம் செப்டிக் டேங்க் போயி, அங்கேர்ந்து ஓட்டை போட்ட பைப் வழியா ஜல்லிக்குள்ள இறங்கி, உங்க மனைக்குள்ளயே மண்ணுல ஊறிப் போகணும். அழுக்க சுத்தம் பண்ற பெரிய வேலை டேங்க்ல நடக்கல, மண்ணுலதான் நடக்குது. மண்ணுல இருக்குற பாக்டீரியா தின்னு தீர்க்குது, அதுக்கு மண்ணு இடுக்குல காத்து இருக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர்னு கணக்கு வெக்கிறாங்க. அஞ்சு பேர் இருக்குற எங்க வீட்டுக்கு 750 லிட்டர். வருஷத்துக்கு ரெண்டே முக்கால் லட்சம் லிட்டர் பக்கம் வரும், இவ்ளோத்தையும் அந்த வயக்காடு குடிக்கணும், அதுவும் மழை மேல மழையா கொட்டிட்டே இருக்கும்போது. குடிக்கலன்னா கழிவு மேல பொங்கி ஓடைக்குப் போகும், இல்ல பக்கத்து வீட்டு கிணத்துக்குப் போகும். கிராமத்துல நிறைய வீட்ல இன்னும் சொந்த போர் தண்ணிதான் குடிக்கிறாங்க. அதனாலதான் மண்ணு பாஸ் ஆகலன்னா பிளான் எவ்ளோ அழகா இருந்தாலும் பெர்மிஷன் கிடையாது.

இனி முதல் ஆளு கதை. வீட்டு பிளான் போட்டவரு ஒருத்தர சொன்னாரு, நாங்களும் கேள்வி எதுவும் கேக்காம சரின்னுட்டோம். 2023 ஜூன் மாசம். அந்த ஜூன் அயர்லாந்துல ரெக்கார்டு ஆனதுலயே சூடான ஜூன், புல்லெல்லாம் வெளுத்துப் போயி கெடந்துச்சு. வந்தாரு, ஜேசிபி வெச்சு ஒரு பெரிய குழி தோண்டினாரு, ஃபோட்டோ எடுத்தாரு, சாயங்காலமே மூடிட்டாரு. நான் டூட்டியில இருந்தேன், எங்க வீட்டுக்காரர் மட்டும் போயிருந்தாரு, மூடினத கண்ணால பாத்தவரு. அப்புறம் ரிப்போர்ட்ல தண்ணி மட்டம் எங்கயும் காணோம், பெர்கொலேஷன் வேல்யூ (தண்ணி மண்ணுல இறங்குற வேகத்தோட அளவு, நம்பர் பெருசானா மெதுவா இறங்குதுன்னு அர்த்தம்) 48, மனை ஓகேன்னு வந்துச்சு. எங்களுக்கு சந்தோஷம் தாங்கல.

ரூல் என்ன சொல்லுதுன்னு இப்ப தெரியும். ஈபிஏன்னு இங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஒண்ணு இருக்கு, அவங்க 2021ல வெளியிட்ட கோட் ஆஃப் பிராக்டிஸ் படிதான் எல்லாம் நடக்கணும், அதுக்கு முன்னாடி 2009ல ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பெரிய குழி, டிரையல் ஹோல்னு சொல்றது, கொறஞ்சது 2.1 மீட்டர் ஆழம் இருக்கணும், தோண்டிட்டு 48 மணி நேரம் தொறந்தே விடணும். ஏன்னா களிமண்ணுல தண்ணி உடனே வராது, மெதுவா கசிஞ்சு கசிஞ்சு அதோட உண்மையான மட்டத்துக்கு வர ரெண்டு நாள் ஆகும். தோண்டின அன்னிக்கே மூடினா களிமண்ணுக் குழி காய்ஞ்ச மாதிரிதான் தெரியும். அந்த 48 மணி நேரத்த அவரு எங்களுக்குக் குடுக்கல, ஆனா ஃபீஸ் முழுசா வாங்கிட்டாரு. இதுக்குத்தான் 1 ஸ்டார்.

ஜூலைல அப்ளிகேஷன் போட்டோம். பெர்மிஷன் குடுக்குறது கவுன்சில், அதாவது கவுண்டியோட உள்ளாட்சி நிர்வாகம், வீட்டுக்கு அவங்க ஃபீஸ் அப்ப வெறும் 65 யூரோதான், ஆனா பிளான், மேப், ரிப்போர்ட்டுன்னு கையவிட்டுப் போறது ஆயிரக்கணக்குல. எட்டு வாரத்துல முடிவு சொல்லணும், செப்டம்பர்ல கூடுதல் தகவல் வேணும்னு லெட்டர் வந்துச்சு: கவுன்சில் இன்ஜினியர் பாக்குற மாதிரி டிரையல் ஹோல திரும்பத் தோண்டி வைங்க. நவம்பர்ல தோண்டினோம். அதுக்குள்ள ரெக்கார்டு மழை ஜூலை ஒண்ணு போயிருந்துச்சு, அக்டோபர்லயும் கொட்டு கொட்டுன்னு கொட்டிருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு போயி எட்டிப் பாக்குறேன், குழில முக்காவாசிக்கு மேல தண்ணி. தரையிலேர்ந்து நாப்பது சென்டிமீட்டர் கீழ பளபளன்னு நிக்குது. கவுன்சில் இன்ஜினியர் ஒரு நிமிஷம்தான் நின்னாரு, அளந்து எழுதிக்கிட்டாரு, சாரின்னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டாரு. ஜனவரில ரிஜெக்ட். காரணம் ஒரே வரி, இந்த மனையில கழிவுத் தண்ணிய பாதுகாப்பா வெளியேத்த முடியாது, பொது சுகாதாரத்துக்குக் கேடு. அந்த வார்த்தைய ஒரு நர்ஸா படிக்கும்போது ரொம்ப வலிச்சுச்சு, ஆனா சரியான வார்த்தைதான், அத நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

நாலு வாரத்துக்குள்ள டப்ளின்ல அப்ப இருந்த பிளானிங் போர்டுக்கு அப்பீல் போயிருக்கலாம். அப்பீல் போயிருந்தாலும் மண்ணு மாறாது, அதனால போகல. வக்கீல் புண்ணியத்துல, பிளானிங் கெடச்சாத்தான் கிரயம்னு ஒப்பந்தத்துல எழுதிருந்துச்சு, முன்பணம் திரும்ப வந்துடுச்சு. பிளான், ரிப்போர்ட், ஜேசிபி எல்லாம் சேத்து ஆறாயிரம் யூரோ பக்கம் போச்சு. இத படிக்கிறவங்க தயவு செஞ்சு அந்த ஒரு வரி இல்லாம எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க.

ரெண்டாவது ஆளு எங்களுக்குக் கெடச்சது கூட வேலை பாக்குற ஒரு அக்கா மூலமா. அறுபது வயசு இருக்கும், விவசாயக் குடும்பம், இந்த டெஸ்டுக்குன்னே டிரெய்னிங் முடிச்சு, இன்சூரன்ஸோட, கவுன்சில் லிஸ்ட்லயும் இருக்குறவரு. ஃபோன்ல பேசும்போதே மனையோட மேப் லொகேஷன் அனுப்புங்கன்னாரு, பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், இது பாஸ் ஆகுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மின்னுட்டாரு. எப்படின்னு கேட்டேன். நிலவியல் துறை (ஜியாலஜிக்கல் சர்வே) மேப், ஈபிஏ மேப் எல்லாம் ஃப்ரீயா நெட்லயே இருக்கு, கீழ என்ன மண்ணு, எவ்ளோ ஆழத்துல பாறை, எந்தப் பகுதியில தண்ணி இறங்காதுன்னு கலர் போட்டுக் காட்டிருப்பாங்க, நாங்க பாத்த மனை முழுக்க மோசமான கலர்ல இருந்துச்சு. முதல் ஆளும் இதத்தான் முதல்ல பாத்திருக்கணும்.

ஆனாலும் நான் விடல. முதல் ரிப்போர்ட் பொய்யா, இல்ல கவுன்சில் மழைக்காலத்துல பாத்ததால இப்படி ஆச்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். காசு குடுத்து அதே மனையில டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், மனைக்காரரும் சரின்னாரு. லீவு போட்டுட்டு நானும் போனேன். அந்த மூணு நாளத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

முதல்ல அவரு ஜேசிபிய ஸ்டார்ட் பண்ணவே விடல. பூட்ஸ் போட்டுக்கிட்டு வயக்காடு முழுக்க என்ன கூட்டிட்டு நடந்தாரு. கோரை மாதிரி கொத்துக் கொத்தா வளந்திருந்த செடிய காட்டுனாரு, இங்க ரஷ்னு சொல்றாங்க, நான் அழகா இருக்குன்னு நெனச்ச அதே செடி. இது இருந்தா கீழ தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். ஓடை ஓரம் மஞ்சப் பூ பூக்குற ஐரிஸோட இலை, வேலியில ஆல்டர் மரம், வில்லோ மரம், எல்லாமே ஈரத்துல வாழுற ஜாதி. நடக்கும்போது காலடியில சளக் சளக்குன்னு சத்தம். பக்கத்து வயல்ல வெட்டி வெச்சிருந்த வடிகால் வாய்க்கால காட்டி, விவசாயி காரணம் இல்லாம வாய்க்கால் வெட்ட மாட்டான்னாரு. எங்க அப்பா இருந்தா இதே வார்த்தையதான் சொல்லிருப்பாருன்னு அப்பவே தோணுச்சு.

அப்புறம் குழி. மேல ஒரு ஜாண் கறுத்த மண்ணு, வேரோட, பாக்க நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ ஈயப் பாத்திரம் கலர்ல சாம்பல் மண்ணு, அதுக்குள்ள துருப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சுப் புள்ளி புள்ளியா. இந்தப் புள்ளிதான் முக்கியமான சாட்சி. மண்ணுல இருக்குற இரும்பு, காத்து பட்டா துரு கலர் ஆகும், தண்ணிக்குள்ளயே மூழ்கிக் கெடந்தா சாம்பல் ஆயிடும். ரெண்டும் கலந்து கெடந்தா அங்க வருஷத்துல பல மாசம் தண்ணி ஏறி இறங்குதுன்னு அர்த்தம். அதனால கோடையில குழி காய்ஞ்சிருந்தாலும் மழைக்காலத்துல தண்ணி எது வரைக்கும் வரும்னு இந்தப் புள்ளிய வெச்சே சொல்லிடலாம். எங்க குழில 35 சென்டிமீட்டர்லயே ஆரம்பிச்சிடுச்சு. முதல் ஆளு எடுத்த ஃபோட்டோவ திரும்ப எடுத்துப் பாத்தேன், அதுலயும் புள்ளி தெளிவா இருக்கு, ரிப்போர்ட்ல மட்டும் அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

ஒரு கைப்பிடி சாம்பல் மண்ண எடுத்து தண்ணி தெளிச்சு உள்ளங்கையில உருட்டுனாரு, நூல் மாதிரி நீளமா வந்துச்சு, உடையல, என் கையிலயும் குடுத்து உருட்டச் சொன்னாரு. பிள்ளையார் பிடிக்கலாம், அவ்ளோ வழவழப்பு. அப்படியே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். குழி, மண்ணு, புல்லு எல்லாம் காட்டுனேன். அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏம்மா, இது நாத்தங்காலுக்கு ஆகுற மண்ணும்மா, வீட்டுக்கு எதுக்கு இத போயி பாத்தீங்க"ன்னாரு. ஊர்ல தண்ணிய நிறுத்தி வெக்கிற மண்ணுக்குத்தான் மதிப்பு, நெல்லு அதுலதான் வெளையும். அவரு சொன்னத இங்கிலீஷ்ல சொன்னதும் இவரு மண்வெட்டிய ஊனிட்டு ஃபோன்ல அப்பாவுக்கு கை காட்டுனாரு. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, ஆனா பேசிக்கிட்டது ஒரே விஷயம்.

இந்தப் பக்கத்து மண்ணு ஏன் இப்படின்னும் சொன்னாரு. ஐஸ் ஏஜ்ல பனிப்பாறை நகந்து போகும்போது கல்லையும் களியையும் அரைச்சு குவிச்சு விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கவுத்துப் போட்ட முட்டை மாதிரி இருக்குற சின்னச் சின்னக் குன்று, டிரம்லின்னு பேரு. கேவன், மோனஹன், லீட்ரிம் முழுக்க இதுதான். அவ்ளோ எடை மேல அழுத்தி அரைச்ச களி, தண்ணி இறங்க இடுக்கே கிடையாது.

பெர்க் டெஸ்ட் தனி. 30க்கு 30 சென்டிமீட்டர் சதுரமா, 40 ஆழமா சின்னக் குழி மூணு, பைப் வரப் போற மட்டத்துக்குக் கீழ தோண்டணும். முதல் நாள் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தண்ணி ரொப்பி ஊற விடணும், மண்ணு குடிக்கிற வரைக்கும் குடிச்சு நிறைஞ்சாத்தான் உண்மையான வேகம் தெரியும். மறுநாள் காலைல திரும்ப ரொப்பி, தண்ணி 30 சென்டிமீட்டர் மட்டத்துலேர்ந்து 20க்கு இறங்க எத்தன நிமிஷம்னு பாக்கணும். ஒழுங்கா இறங்குற மண்ணுன்னா மூணு தடவ அளந்து சராசரி எடுத்து நாலால வகுப்பாங்க, அதாவது 25 மில்லிமீட்டர் இறங்க எத்தன நிமிஷம்ங்கிறதுதான் அந்த வேல்யூ. 10 சென்டிமீட்டர் இறங்க 480 நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா வேல்யூ 120 தாண்டிருச்சு, மண்ணுல கழிவு விடவே கூடாது.

நாங்க காலைல போகும்போது முந்தின நாள் சாயங்காலம் ஊத்தின தண்ணி பாதிக்கு மேல அப்படியே நிக்குது. அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஆனா அவரு டெஸ்ட முழுசா செஞ்சாரு. ஸ்கேல் ஊனிட்டு, நேரம் எழுதிட்டு, அரை மணிக்கு ஒரு தடவ போயி பாத்தாரு. நான் கார்ல பிளாஸ்க்ல டீ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவருக்கும் ஊத்திக் குடுத்தேன். எட்டு மணி நேரத்துல ரெண்டு சென்டிமீட்டர்கூட இறங்கல. ஒரு குழில தூறல் விழுந்து கொஞ்சம் ஏறவே செஞ்சிருச்சு. முதல் ரிப்போர்ட்ல இருந்த 48க்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. கோடையில வெடிச்சுப் போன களிமண்ணு, சரியா ஊற விடாம அளந்தா வெடிப்பு வழியா தண்ணி ஓடிரும், அதத்தான் அளந்திருப்பாருன்னு இவரு சொன்னாரு. வேற ஒரு வார்த்தை அந்த ஆளப் பத்தி தப்பா பேசல, அதுவும் எனக்குப் புடிச்சிருந்துச்சு.

சரி, வேற வழியே இல்லையான்னு கேட்டேன். நிறைய பேரு கேக்குற கேள்வி, அதனால அவரு சொன்னத எழுதுறேன். பழைய கோட்ல 90க்கு மேல போனாலே கதவு மூடிடும், 2021ல 120 வரைக்கும் தொறந்து விட்டாங்க. 3லேர்ந்து 75 வரைக்கும் வழக்கமான முறை. 75க்கு மேல 120 வரைக்கும் இருந்தா, மோட்டார் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா பெரிய பரப்புல தண்ணிய பரப்புற முறை இருக்கு, நம்ம சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி மெல்லிய குழாய் போட்டு மேல் மண்ணுலயே கசிய விடுறது அதுல ஒண்ணு. செலவு அதிகம், ஆனா வேல்யூ எல்லைக்கோட்டுல இருக்குறவங்களுக்கு உயிர் குடுக்குற விஷயம். எங்க மனை அதையும் தாண்டிடுச்சு. வெளிய இருந்து நல்ல மண்ணு கொண்டு வந்து மேடு கட்டலாமேன்னேன். மேட்டுல சுத்தமாகும், ஆனா சுத்தமான தண்ணியும் கடைசியில கீழ எங்கயாவது போயித்தானே ஆகணும், அடியில தொட்டி மாதிரி களி இருந்தா மேட்டோட ஓரத்துல கசிஞ்சு வெளிய வரும். ஓடையில விடலாமான்னா, அதுக்கு 1977 சட்டத்துல லைசன்ஸ் வாங்கணும், தனி வீட்டுக்கு கவுன்சில் குடுக்குறது ரொம்ப அபூர்வம், கோடையில ஓடையில தண்ணியே இருக்காது, கழிவ கரைக்க என்ன இருக்கு. தொட்டி மாதிரி கட்டி அதுல வில்லோ மரம் நட்டு அது குடிச்சு ஆவியாக்கிடும்னு ஒரு முறை டென்மார்க்லேர்ந்து வந்துச்சு, இங்க ஆராய்ச்சியும் பண்ணிருக்காங்க, ஆனா ஆவியாகுறத விட மழை அதிகமா பெய்யுற ஊர்ல தொட்டி நிறைஞ்சு போகும். ஒவ்வொண்ணும் ஏன் ஆகாதுன்னு தரையில குச்சியால படம் போட்டுக் காட்டுனாரு. அந்த அரை மணி நேரம் மட்டும் ஆறாயிரம் யூரோ போறதுக்கு முன்னாடி கெடச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

கவுன்சில்காரங்க ஏன் இவ்ளோ கெடுபிடின்னு சிலர் கோவப்படுவாங்க, ஒரு காலத்துல இங்கயும் எல்லாரும் மனம் போல டேங்க் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. 2009 அக்டோபர்ல ஐரோப்பிய கோர்ட்டு அயர்லாந்து செப்டிக் டேங்க் விஷயத்துல சட்டத்த மீறிருக்குன்னு தீர்ப்பு குடுத்துச்சு, கேவன் கவுண்டிய மட்டும் விட்டுட்டாங்க, ஏன்னா அவங்க 2004லயே தனியா விதி போட்டு வெச்சிருந்தாங்க. அப்பவும் சரி பண்ணலன்னு 2012 டிசம்பர்ல 20 லட்சம் யூரோ அபராதம், அது போக சரி பண்ற வரைக்கும் நாளொண்ணுக்கு 12,000 யூரோ. அந்த 2009 தீர்ப்புக்கு அப்புறம்தான் எல்லா டேங்கையும் பதிவு பண்றது, இன்ஸ்பெக்ஷன் வர்றது எல்லாம். நாடு முழுக்க அஞ்சு லட்சம் டேங்க் பக்கம் இருக்கு, இன்ஸ்பெக்ஷன் போற டேங்க்ல பாதி பெயில் ஆகுது. நான் வார்டுல வயித்துப்போக்குல வர்ற சின்னக் குழந்தைங்கள பாக்குறவ, வீட்டுத் தண்ணி கிணத்துத் தண்ணியான்னு நாங்க கேக்குற கேள்வி சும்மா கேக்குறது இல்ல. அதனால இந்த ரூல்ஸ் மேல எனக்குக் கோவமே இல்ல. என் கோவமெல்லாம், தெரிஞ்சும் காய்ஞ்ச குழிய காட்டி ஓகேன்னு எழுதிக் குடுக்குறவங்க மேலதான்.

ஆனா ஒரு வருத்தம் இருக்கு, அதையும் சொல்லணும். லீட்ரிம்தான் இந்த நாட்டுலயே ஜனத்தொகை கம்மியான கவுண்டி, 2022 கணக்குல 35,199 பேரு. ஸ்கூல்ல பிள்ளைங்க கொறையுது, கடை மூடுது, வீடு கட்டி வாங்கன்னு கூப்பிடுறாங்க, ஆனா மண்ணு விடமாட்டேங்குது. அப்பன் பாட்டன் நிலத்துல ஒரு வீடு கட்டிக்க முடியாம அந்த ஊர்ப் பசங்களே டவுனுக்குப் போறாங்க. சின்னச் சின்ன கிராமத்துல அரசாங்கமே பொதுவா ஒரு சுத்திகரிப்பு பிளான்ட் போட்டு பத்து இருபது வீட்டுக்கு மனை பிரிச்சுக் குடுத்தா இதுக்கு ஒரு விடிவு வரும்னு நான் நம்புறேன். பேப்பர்ல பேசுறாங்க, சீக்கிரம் நடக்கணும்.

எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, அவரே சொன்னாரு, மேப்ப பாத்து மண்ண தேடுங்க, அப்புறம் வீட்ட தேடுங்கன்னு. ஆறு மாசம் தேடுனோம். ரோஸ்காமன் பக்கம் ஒரு மனை சிக்குச்சு. அந்தப் பக்கம் அடியில சுண்ணாம்புக்கல், அதுல வேற ஒரு ஆபத்து, மண்ணு கம்மியா இருந்தா தண்ணி சுத்தமாகாமயே வெடிப்புல விழுந்து நேரா நிலத்தடித் தண்ணிக்குப் போயிரும். அதனாலதான் வேல்யூ 3க்குக் கீழ இருந்தாலும் பெயில். மழைக்காலத்துல மட்டும் ஏரி ஆகி கோடையில காணாம போற டர்லோன்னு சொல்ற இடமெல்லாம் அங்கதான் இருக்கு. இதையெல்லாம் அவரே ஃபோன்ல சொல்லி, முன்பணம் குடுக்காதீங்க, மனைக்காரர்கிட்ட டெஸ்டுக்கு மட்டும் அனுமதி வாங்குங்கன்னாரு.

இந்தத் தடவ குழி பழுப்பு மண்ணு, சரளை கலந்து, கையில உருட்டினா உதிருது. நூலா வரவே இல்ல. 1.6 மீட்டர்லதான் புள்ளி ஆரம்பிச்சுச்சு. பெர்க் டெஸ்ட் மூணு குழில 27, 31, 35. சராசரி 31, அதாவது 10 சென்டிமீட்டர் இறங்க ரெண்டு மணி நேரம் நாலு நிமிஷம். வெறும் செப்டிக் டேங்க்னா பைப்புக்குக் கீழ 1.2 மீட்டர் காய்ஞ்ச மண்ணு வேணும், எங்களுக்கு 1 மீட்டர்தான் தேறுச்சு, அதனால காத்து ஊதி சுத்தம் பண்ற டிரீட்மென்ட் யூனிட் போடணும், அதுக்கு 0.9 மீட்டர் போதும். செலவு கூடத்தான், கரண்ட்டும் இழுக்கும், வருஷா வருஷம் சர்வீஸும் பண்ணணும். வீட்லேர்ந்து 10 மீட்டர், எல்லையிலேர்ந்து 3 மீட்டர், ஓடையிலேர்ந்து 10 மீட்டர் தள்ளி எங்க கழிவுத் தண்ணி ஊறுற பரப்பு வரும்னு அவரு குச்சி ஊனிக் காட்டுனதுக்கு அப்புறம்தான் மீதி இடத்துல வீட்ட எங்க வெக்கிறதுன்னே பிளான் போட்டோம். வீடு போட்டுட்டு டேங்க எங்க சொருகலாம்னு பாக்குறது தலைகீழ். 2025 வசந்தத்துல பெர்மிஷன் வந்துடுச்சு.

இப்ப காசு விவரம். ரெண்டு மனைக்கும் ஒவ்வொண்ணுக்கும் 700 யூரோ வாங்குனாரு, ஜேசிபி வாடகை நம்ம பொறுப்பு, அது ஒரு 250. முதல் ஆளு 450 தான் வாங்குனாரு, எது மலிவுன்னு நீங்களே பாத்துக்குங்க. அரை ஸ்டார் கொறச்சதுக்குக் காரணம், ரிப்போர்ட் எழுதிக் குடுக்க மூணு வாரம் லேட் பண்ணிட்டாரு, ஈமெயிலுக்கு பதிலே வராது, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஃபோன் பண்ணாத்தான் புடிக்க முடியும். ஜேசிபி செலவு தனின்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்.

நீங்க ஆள் வெக்கும்போது நான் கேக்கச் சொல்றது இதுதான். டிரையல் ஹோல எத்தன நாள் தொறந்து வெப்பீங்கன்னு கேளுங்க, ரெண்டு நாள்னு சொல்லலன்னா அங்கேயே விட்டுருங்க. சுத்தி வேலி போடுவாரான்னும் கேளுங்க, ரெண்டு மீட்டர் குழிக்குள்ள ஆடோ குழந்தையோ விழுந்தா என்ன ஆகும், எங்க ஆளு வேலி போட்டு போர்டும் வெச்சாரு. ஊற வெக்கிற தண்ணி முந்தின நாளே ஊத்துவாரான்னு கேளுங்க. அவரு எடுத்த டெஸ்ட்ல எத்தன மனை பெயில் ஆச்சுன்னு கேளுங்க, ஒண்ணு கூட பெயில் ஆகலன்னு பெருமையா சொன்னா பயப்படுங்க. முடிஞ்சா மூணு நாளும் நீங்களும் கூட நில்லுங்க. இன்னொண்ணு, புது மனை அமையலன்னா பழைய காலி வீடு பாக்கலாம், அதப் புதுப்பிக்க 50,000 யூரோ வரைக்கும், இடிஞ்ச நிலைல இருந்தா 70,000 வரைக்கும் அரசாங்க மானியம் இருக்கு, ஆனா அங்கயும் டேங்க் எந்த நிலைல இருக்குன்னு இதே மாதிரி ஆள வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

ரோஸ்காமன் மனையில 48 மணி நேரம் கழிச்சு குழிய பாக்கப் போனப்போ எங்க சின்னவனையும் கூட்டிட்டுப் போயிருந்தோம். வேலிக்கு வெளிய நின்னு டார்ச் அடிச்சுப் பாத்தோம். அடி வரைக்கும் காய்ஞ்ச மண்ணு, ஓரத்துல ஒரு மண்புழு மட்டும் நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு அத காட்டி, நல்ல சகுனம்னாரு. ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புனேன், "இங்க கத்திரி வெப்பியா"ன்னு பதில் வந்துச்சு.